தடைக்காலக் கச்சேரிகளும் மரத்துப்போகும் இரண்டு விரல்களும்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் நண்பர், கல்லூரிக் காலத்தோடு விட்டுவிட்ட பேஸ் கிட்டாரை (தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு கம்பி கிட்டாரை) 42 வயதில் மறுபடி கையில் எடுத்திருப்பதாகவும், பகலில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுவதாகவும், ஞாயிறு பூசைக்குப் பாடற்குழுவிலும் திருவிழாக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவிலும் வாசிப்பதாகவும் சொல்லி, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி செய்தால் இந்த வயதில் தேற முடியும் என்று கேட்டிருக்கிறார். போகிற போக்கில் வேறு மூன்று செய்திகளையும் சேர்த்திருக்கிறார்: காலையில் எழும்போது இடக்கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருக்கின்றன, கச்சேரி முடிந்த இரவுகளில் காதுக்குள் ஒரு ரீங்காரம் விடியும்வரை நிற்கிறது, ஐந்து கம்பி பேஸ் வாங்கும் எண்ணம் இருக்கிறது. மணிக்கணக்கைப் பற்றிய கேள்வியைவிட, போகிற போக்கில் சொன்ன இந்தச் செய்திகளே முக்கியமானவை. வேலையும் குடும்பமும் உள்ள ஒருவருடைய உடம்பு இந்த வாத்தியத்தை எத்தனை ஆண்டு தாங்கும், அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே அவர் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். தொண்டி முதல் ஏர்வாடி வரையுள்ள ஊர்களில் முளைக்கொட்டுத் திருவிழா, மாதா கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று பல்லாண்டுகளாக பேஸ் வாசித்து வருபவன். கிட்டார்களைப் பழுதுபார்த்து, வாசிக்கத் தோதாகச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். ஆகவே வாத்தியத்தையும் மேடையையும் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். நரம்பையும் காதையும் பற்றிச் சொல்வது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குத்தான்.

முதலில், தொல்லை ஏன் இப்போது தொடங்கியது என்று பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு போகாவிட்டால் ஐஸ் கட்டிக்கு வேலை குறைவு. உங்களுக்குப் பகலில் ஓய்வு. அதே மாதங்களில்தான் சித்திரை, வைகாசித் திருவிழாக்களும் மாதா வணக்க மாதமான மே மாதத்துத் திருவிழாக்களும் வரிசை கட்டி நிற்கின்றன. மார்ச் வரை வாரத்துக்கு ஒரு பூசை மட்டும் வாசித்த கை, தடைக்காலம் தொடங்கிய பத்தே நாளில் வாரத்துக்கு நான்கைந்து இரவுகள், ஒவ்வோர் இரவும் மூன்று நான்கு மணி நேரம் வாசிக்கிறது. தசைநார்களைப் பொறுத்தவரை, மொத்தத்தில் எவ்வளவு வேலை என்பதைவிட அந்த வேலை எவ்வளவு திடீரென்று கூடுகிறது என்பதே பெரும்பாலும் காயத்துக்குக் காரணமாகிறது. இருபது வயதுக் கை இதைப் பொறுத்துக்கொள்ளும். நாற்பது வயதில் தசைநார் தேறி வர அதிக நாள் பிடிக்கும். அடுத்த ஆண்டு மாசியிலேயே வாசிக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்தால், இதே கச்சேரிகளை இந்த அளவு தொல்லையில்லாமல் வாசிக்க முடியும்.

ஆனால் எண்ணிக்கை பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஒவ்வொரு சுரத்துக்கும் நீங்கள் கொடுக்கும் அழுத்தம். கடற்கரை மேடைகளில் அந்த அழுத்தம் ஏன் கூடுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதைக் கையின் குறையாக நினைத்துக்கொண்டு, சரிசெய்ய வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறார்கள். பேஸின் மிகத் தடித்த கம்பியான இ, விரல் வைக்காமல் திறந்து மீட்டும்போது, நொடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள் கொண்டது. அந்த ஒலியலையின் நீளம் 8 மீட்டருக்கு மேல். மூடிய அறையில் சுவர்களும் மூலைகளும் இந்தத் தாழ்ந்த ஒலியைத் திருப்பி அனுப்பிப் பெருக்கிக் கொடுக்கின்றன. பாம்பனிலோ மண்டபத்திலோ மணலில் போட்ட திறந்த மேடையில் சுவரே கிடையாது. வீட்டில் ஜன்னல் அதிர வாசித்த அதே ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டி), அங்கே கச்சான் காற்றில் ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. தன் வாசிப்புத் தனக்கே கேட்காதபோது எந்த வாசிப்பாளனும் செய்வது ஒன்றுதான்: வலக்கையால் ஓங்கி இழுப்பான், அதற்கு ஈடுகொடுக்க இடக்கை இறுக்கிப் பிடிக்கும். இரண்டாம் பாடலிலேயே முன்கை கல்லாகிவிடும்.

இதற்கு மருந்து மேடையில்தான் இருக்கிறது. ஆம்ப்பில் பேஸ் குமிழைத் திருகிக்கொண்டே போவதால் பயன் குறைவு. சிறிய பெட்டிகளால் 41 அதிர்வை உரக்க எழுப்பவே முடியாது. நம் காது பெரும்பாலும் 82, 123 என்று அதன் மேலுள்ள மடங்கு அதிர்வுகளைக் கேட்டுத்தான் சுரத்தை அடையாளம் காண்கிறது. ஆகவே நடுத்தர அலைகளை, சுமார் 250 முதல் 800 வரை உள்ள பகுதியை, ஏற்றிப் பாருங்கள். தனியாகக் கேட்டால் சற்று மூக்கடைத்த ஒலியாகத் தெரியும், ட்ரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தவுடன் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் காதில் விழும். ஆம்ப் பெட்டியை முழங்காலுக்குப் பின்னால் தரையில் வைக்காமல், ஒரு நாற்காலி மேல் ஏற்றியோ முகத்தை நோக்கிச் சாய்த்தோ வையுங்கள். கேட்பது காது, முழங்கால் அல்ல. மைக்செட்காரரிடம் உங்கள் மானிட்டரில் (மேடையில் உங்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரில்) பேஸைத் தர வேண்டுமென்று பாடகர் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பாடகர் வந்த பிறகு மைக்செட்காரரின் காதில் நீங்கள் நுழைய முடியாது.

அடுத்தது வாத்தியம். எங்கள் கரையோர ஈரப்பதத்தில் கழுத்து மரம் மெல்ல வளையும், கம்பிகள் ஃப்ரெட்டுகளை (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளை) விட்டு உயரும், அழுத்துவதற்கு இன்னும் பலம் தேவைப்படும். வாசிப்பவருக்குத் தெரியாமலேயே இது மாதக்கணக்கில் நடக்கும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். இ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடக்கையாலும் கடைசி ஃப்ரெட்டில் வலக்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, 7 அல்லது 8-ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்டை வீட்டில் உள்ள யாரையாவது நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கார்டு லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கார்டு போகிறது என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடை வலப்புறமாக ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருகி, கம்பிகளை மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். திருகு இறுகியிருந்தால் முரட்டுத்தனம் வேண்டாம், தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலானோர் கைக்கு இதமாக இருக்கும்.

கம்பியும் கணக்கில் சேரும். உப்புக் காற்றில் சாதாரண நிக்கல் சுற்றுக் கம்பி சீக்கிரம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். வாசித்தவுடன் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்து உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, உறையைப் பூட்டி வைத்தால் ஆயுள் கூடும். தட்டையான சுற்றுள்ள ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை நான் விரும்புகிறேன்: விரல் உராய்வு குறைவு, ஆண்டுக்கணக்கில் தாங்கும், பழைய மெல்லிசைப் பாடல்களுக்கு ஒலியும் பொருந்தும். ஆனால் எல்லா ஃப்ளாட்வவுண்டும் கைக்கு மென்மையானவை அல்ல, சிலவற்றின் இழுவிசை அதிகம். மேல்பூச்சுப் போட்ட கம்பிகள் விலைக்கு ஏற்ற ஆயுள் தருகின்றனவா என்பதில் என்னிடம் வருபவர்களிடையே ஒத்த கருத்தில்லை. வியர்வை மிகுந்த கைகளுக்குத் தருகின்றன என்பதே என் எண்ணம்.

வாத்தியம் சரியான பின், கையைச் சோதியுங்கள். ஒரு சுரத்தை ஃப்ரெட்டுக்குச் சற்றே பின்னால், ஒட்டினாற்போல் பிடித்து மெதுவாக மீட்டிக்கொண்டே, விரலின் அழுத்தத்தை இழையிழையாகத் தளர்த்துங்கள். ஓரிடத்தில் ஒலி கரகரக்கும். அந்த இடத்திலிருந்து மயிரிழை அளவு கூட்டினால் சுரம் மறுபடி தெளியும். உங்களுக்குத் தேவையான அழுத்தம் அவ்வளவுதான். பலர் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு செலவிடுகிறார்கள். பிறகு கட்டை விரலைக் கழுத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட்டு அதே வரியை வாசித்துப் பாருங்கள். கையின் எடையே கம்பியை அழுத்தப் போதும் என்பது அப்போது புரியும். கம்பி நீளம் 34 அங்குலம் உள்ள பேஸில் முதல் ஃப்ரெட்டின் இடைவெளி ஏறத்தாழ 4.8 சென்டிமீட்டர். அங்கே நான்கு விரலால் நான்கு ஃப்ரெட்டை எட்டிப் பிடிக்க முயல்வது வளர்ந்தவர் கைக்குத் தேவையற்ற தண்டனை. டபுள் பேஸ் வாசிப்பவர்கள் சிமாண்டில் முறை என்று சொல்வதுபோல, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரமும் சுண்டும் சேர்ந்து ஒன்று என மூன்று ஃப்ரெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு, தேவைப்படும்போது கையையே நகர்த்துங்கள்.

இனி மரத்துப்போகும் விரல்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால், முழங்கையின் உட்பக்க எலும்பை ஒட்டிச் செல்லும் அல்நார் நரம்பு நெருக்கப்படுவதையே முதலில் நினைக்க வேண்டும். கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டில் நெருக்கப்படும் மீடியன் நரம்பு, அதாவது கார்பல் டனல். உங்களுடையது முதல் வகையைப்போல் தெரிகிறது. அப்படியானால் குற்றவாளி பேஸ் மட்டும் அல்ல. முழங்கையை மடக்கினால் அந்த நரம்பு இழுபடும். மேசையில் ஊன்றினால் நசுங்கும். பேரேட்டின் மேல் இடது முழங்கையை ஊன்றிக்கொண்டு கணக்கு எழுதுகிறீர்களா, அதே கையில் செல்பேசியைக் காதோடு வைத்துப் பேசுகிறீர்களா, கையைத் தலைக்கு அடியில் மடக்கி வைத்துத் தூங்குகிறீர்களா என்று பாருங்கள். காலையில் எழும்போது மரத்திருப்பது தூக்கத்தில் கை மடங்கிக் கிடப்பதற்குப் பொருந்துகிறது. ஒரு குளியல் துண்டை முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொண்டு படுத்தால் கை மடங்காது; சில வாரங்களில் பலருக்குக் குறைகிறது. இதைச் செய்துகொண்டே மருத்துவரையும் பாருங்கள். மரப்பு நாள் முழுதும் நின்றாலோ, பொருட்கள் கையிலிருந்து நழுவினாலோ, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை வற்றினாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ, காத்திருக்கக் கூடாது. நரம்புக் கடத்தல் சோதனை எந்த இடத்தில் நெருக்கம் என்பதைக் காட்டும். உங்களுக்கு அது மதுரைப் பயணமாக அமையலாம், பரவாயில்லை. இரத்தச் சர்க்கரையையும் தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் கை நரம்புகளை எளிதில் நெருக்கத்துக்கு உள்ளாக்கும், இரண்டும் நம்மிடையே நிறையப் பேருக்கு உண்டு.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். வலியும் மரப்பும் இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுருண்டுகொண்டால், அது இசைஞர்களுக்கு அரிதாக வரும் டிஸ்டோனியாவாக இருக்கலாம். கூடுதல் பயிற்சியால் அதை வெல்ல முயல்வது நிலைமையை மோசமாக்கும். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கச்சேரிக்கு முன் கையை இழுத்து நீட்டும் பயிற்சிகள் காயத்தைத் தடுக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று குறைவு. மெதுவான பாடலில் தொடங்கிக் கையைச் சூடாக்குவதையே நான் பரிந்துரைப்பேன். தைலம் தடவுவதால் இதம் கிடைக்கும், நரம்பு நெருக்கம் தீராது.

காதைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும், ஏனெனில் இங்கே கணக்குத் தெளிவாக இருக்கிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த அளவின்படி 85 டெசிபெல் ஒலியில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். ட்ரம்ஸ் தட்டுக்கு அருகில் நிற்கும் பேஸ்காரர் 100-ஐச் சாதாரணமாகத் தொடுகிறார். அதற்கு மேல் கோயில் வெடி வேறு. விடியும்வரை நிற்கும் ரீங்காரம், உள்காதின் மயிரணுக்கள் அன்றைய அளவைத் தாண்டிவிட்டன என்ற முறையீடு. காலையில் அது அடங்குவதால் நஷ்டம் இல்லை என்று நினைக்காதீர்கள். அழிந்த அணுக்கள் திரும்ப முளைப்பதில்லை. பஞ்சு அடைப்பது போதாது, சில டெசிபெல் மட்டுமே குறையும், அதுவும் மேல் சுரங்கள் மட்டும் மங்கி ஒலி குழம்பும். இசைஞர்களுக்கென்று வடிகட்டி வைத்து விற்கும் காதடைப்பான்கள் எல்லாச் சுரங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். முதல் இரண்டு கச்சேரிகளுக்கு அந்நியமாக இருக்கும், பிறகு அதில்லாமல் மேடையேற மனம் வராது. ட்ரம்ஸ் தட்டின் பக்கத்திலிருந்து இரண்டடி நகர்ந்து நிற்பது செலவில்லாத வைத்தியம். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், சளியென்று ஒரு வாரம் பார்க்காமல், அன்றைக்கோ மறுநாளோ காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போங்கள்; அந்தச் சிகிச்சைக்கு நாட்கள் முக்கியம்.

நீங்கள் நேரடியாகக் கேட்ட பயிற்சி நேரத்துக்கு வருகிறேன். காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம், கச்சேரி உள்ள நாளில் வாத்தியப் பயிற்சி கிடையாது: இதுவே என் பதில். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட இது மேல், ஏனெனில் வாசித்ததை மூளை தூக்கத்தில்தான் பதித்துக்கொள்கிறது. நாளுக்கு நாற்பது நிமிடமாகப் பிரித்து வாசித்தால் ஒவ்வோர் இரவும் பதியும். அந்த 20 நிமிடத்தில் வேகத்தைத் தேடாதீர்கள். தாளத் தட்டு கொடுக்கும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வைத்து, அதன் தட்டை 2-ஆவது, 4-ஆவது அடிகளாக எண்ணிக்கொண்டு ஒரே வரியை வாசியுங்கள். முதல் அடியை நீங்களே சுமக்க வேண்டியிருக்கும். ஒலிக்கும் சுரத்தைப்போலவே ஒலிக்கக் கூடாத கம்பியை அடக்குவதிலும் கவனம் வையுங்கள். பெரிய ஸ்பீக்கரில் பேஸ்காரரின் தரம் தெரிவது அங்கேதான்.

மெல்லிசைக் குழுவில் இருப்பவர் எப்போதும் பயில வேண்டிய ஒன்று கட்டை, அதாவது பாடலின் அடிச் சுருதி, மாற்றுவது. ஒத்திகையில் நான்கு கட்டையில் பாடிய பாடகர் தொண்டை கட்டி வந்து, மேடையில் மூன்று என்றுகூடச் சொல்லாமல், ‘அரைக் கட்டை இறக்குங்கண்ணே’ என்பார். அதாவது எஃப்பிலிருந்து இ. கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிடுவார். பேஸ்காரருக்கு அந்தப் பொத்தான் இல்லை. திறந்த கம்பிகளை நம்பாமல், ஒவ்வொரு பாடலையும் கையின் வடிவமாகக் கற்றிருந்தால் ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும். வாத்தியம் இல்லாமலும் இதைப் பயிலலாம்: இராமநாதபுரம் பேருந்தில் போகும்போது ஹெட்போனில் இளையராஜா பாடல்களில் சசிதரனின் பேஸையோ ரகுமான் பாடல்களில் கீத் பீட்டர்ஸின் பேஸையோ மட்டும் தொடர்ந்து கேட்டு, சுரங்களை மனத்தில் எந்த ஃப்ரெட் என்று வைத்துப் பாருங்கள். மரத்த விரலுக்கு ஓய்வு தரும் வாரங்களில் இதுவே முழுப் பயிற்சியாக இருக்கலாம், வீண் போகாது.

மேடையின் மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கோயில் மேடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, கடற்கரை ஈரத்தில் நனைந்த பலகை மேல் வெறுங்காலோடு நிற்கிறோம். ஜெனரேட்டரிலிருந்து இழுத்த வயரில் எர்த் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. கம்பியில் கை வைத்தபடி பின்பாட்டுக்காக மைக்கில் உதடு பட்டால் அடிப்பது அதனால்தான். வாசிக்கும் முன் மல்டிமீட்டரில் மைக்கின் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் இடையே ஏசி வோல்டேஜ் பாருங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மைக்செட்காரர் அதைச் சரிசெய்யும்வரை வாத்தியத்தை மாட்டாதீர்கள். காலுக்கடியில் ஒரு ரப்பர் விரிப்பு, ஆம்ப் ப்ளக்கில் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி பொருத்திய நீட்டிப்புப் பெட்டி, இரண்டும் உங்கள் பையில் இருக்கட்டும்.

தூக்கம், சாப்பாடு பற்றி எல்லாரும் சொல்வதுதான், சுருக்கமாக முடிக்கிறேன். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. சில திருவிழா நாட்களில் மட்டும் அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். நடைமுறை வேறு என்றாலும், ஒப்புக்கொள்ளும்போதே முடியும் நேரத்தைப் பேசிவிடும் குழுவோடு போங்கள். அடுத்தடுத்து இரண்டு இரவுகளுக்கு மேல் ஏற்காதீர்கள். வேனில் ஸ்பீக்கர் ஏற்றும்போது, மரத்த கையால் தனியாகத் தூக்காதீர்கள்; இளையவர்கள் தூக்குவார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கடைசியாக ஐந்து கம்பி. அதன் தாழ்ந்த பி கம்பி 31 அதிர்வுக்குச் சற்றுக் குறைவு. திறந்த மேடையில் நம் ஊர் ஸ்பீக்கர்களில் அது பாதிக்கு மேல் கேட்காது. கழுத்து அகலம் கூடும், எடையும் பெரும்பாலும் கூடும், இரண்டும் உங்கள் முழங்கைக்கு இப்போது ஆகாதவை. கீபோர்டு பேஸுக்கு எழுதிய புதிய பாடல்களில் கீழே டி வரை இறங்க வேண்டுமானால், இருக்கும் நான்கு கம்பியில் இ-யை டி-க்கு இறக்கிக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நரம்புச் சோதனை முடிந்து, விரல்கள் தெளிந்து, ஒரு பருவம் தொல்லையில்லாமல் வாசித்த பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள். 4 கிலோவுக்கு மிகாததாகப் பார்த்து, எட்டு சென்டிமீட்டர் அகலப் பெல்ட் போட்டு, உட்கார்ந்து வாசிக்கும் அதே உயரத்தில் தோளில் மாட்டி, கடையிலேயே அரை மணி நேரம் நின்று வாசித்துப் பார்த்த பின் பணத்தைக் கொடுங்கள்.